வழிப்போக்கர்களுக்காகச் செய்த தேர்: ஒரத்தநாடு முத்தம்மாள் சத்திரம்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும் சாலையில், ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஒரத்தநாடு. அந்த ஊருக்குள் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1800-க்கும் 1802-க்கும் இடையில் கட்டிய சத்திரம் ஒன்று உண்டு. ஆவணங்களில் அதற்கு முக்தாம்பாள் சத்திரம் என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு அது முத்தம்மாள் சத்திரம். தஞ்சைக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள், அரண்மனையையும் சரசுவதி மகால் நூலகத்தையும் பார்க்கிறார்கள், நேரம் இருந்தால் தாராசுரத்துக்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ வண்டி பிடிக்கிறார்கள். தெற்கே அரை மணி நேரம் சென்றால், சாலையோரத் தங்குமிடம் என்ற எளிய தேவைக்காக இவ்வளவு கலையும் கவனமும் செலவிட்டுக் கட்டிய ஒரு மாளிகை இருக்கிறது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்தக் குறையை என்னால் இயன்ற அளவு தீர்க்கவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நடந்தே யாத்திரை செய்த காலத்தில், வடக்கிலிருந்து வந்தவர்கள் தஞ்சாவூரைத் தாண்டியதும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையை அடைந்து, சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று கரையை ஒட்டியே இராமநாதபுரம் வரை நடந்தார்கள். தஞ்சை மராட்டிய அரசர்கள் இந்த வழி நெடுகச் சத்திரங்களை எழுப்பி, அவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்களை வைத்தார்கள். மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் இராஜகுமாராம்பாள் சத்திரம், தஞ்சைக்குக் கிழக்கே நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் என்று அந்த வரிசை நீளும். சத்திரம் வைப்பது மராட்டியர்கள் புதிதாகக் கொண்டுவந்த வழக்கம் அன்று. அவர்களுக்கு முன்பே மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை வகித்த இராணி மங்கம்மாள் சாலைகள் போட்டு, மரங்கள் நட்டு, சத்திரங்கள் கட்டிய நினைவு தென்மாவட்டங்களில் இன்றும் வாழ்கிறது. தஞ்சை மராட்டியர்கள் அந்த அறத்தை ஒரே வழித்தடத்தில் தொடர்ச்சியாக அமைத்து, ஒவ்வொரு சத்திரத்தின் செலவுக்கும் கிராமங்களின் வருவாயை எழுதிவைத்தார்கள்.

ஒரத்தநாட்டில் ஏன் இவ்வளவு பெரிய சத்திரம் என்பதை அந்த நிலத்தை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். இன்று ஊரைச் சுற்றிலும் நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பசுமை, மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய் கொடுத்தது. சரபோஜியின் காலத்தில் தஞ்சாவூரைக் கடந்து தெற்கே நடக்கத் தொடங்கியவுடன் காவிரிப் பாசனம் முடிந்து, ஏரியையும் வானத்தையும் நம்பிய செம்மண் மேட்டுநிலம் தொடங்கிவிடும். வெண்ணாற்றங்கரையில் நிழலும் நீருமாக நடந்து வந்த யாத்திரிகர், அங்கிருந்து கடற்கரை வரை வறண்ட வழியில் நடக்க வேண்டும். தஞ்சையிலிருந்து காலையில் கிளம்பி நடந்தால், முதியவர்களும் குழந்தைகளும் உள்ள கூட்டம் மாலையில் ஒரத்தநாட்டைத்தான் அடைய முடியும். மாட்டுவண்டிக்கும் ஒரு நாள் பயணம் அது. பட்டுக்கோட்டைக்கு இன்னும் அதே அளவு தூரம் மீதி இருக்கும். ஆகவே சோறும் நீரும் படுக்க இடமும் எங்கே மிக அவசியமோ, சரியாக அங்கே அந்தச் சத்திரம் நிற்கிறது.

இனி முத்தம்மாள். அவர் முடிசூடிய அரசியும் அல்லர், அரசனைச் சடங்கோடு மணந்தவரும் அல்லர். மராட்டிய அரண்மனை வழக்கில் அபிமான ஸ்திரீ என்று குறிப்பிடப்பட்ட நிலையில், இளம் சரபோஜியின் பேரன்புக்கு உரியவராக இருந்தவர். அவர் இளம் வயதிலேயே இறந்துபோனார். பிள்ளைப்பேற்றின்போது உயிர் பிரிந்தது என்றும், தம் பெயரில் ஒரு சத்திரம் எழுப்பி, அங்கே வரும் கருவுற்ற பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கடைசியாகக் கேட்டுக்கொண்டார் என்றும் அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மற்றச் சத்திரங்கள் அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கி நிற்க, அந்த மரபில் மிகப் பெரியதும் மிக அழகானதுமான ஒன்று மட்டும் அரசி என்ற பட்டம் பெறாத ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுற்றியிருந்த ஊரும் முக்தாம்பாள்புரம் என்று அழைக்கப்பட்டது. அன்றைய அரண்மனையின் கண்டிப்பான படிநிலைகளை எண்ணிப் பார்த்தால், இது ஓர் அரசன் எல்லோரும் பார்க்கச் செய்த அறிவிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டடத்தின் முன்னே சென்று நிற்கும்போது முதலில் கண்ணில் படுவது அதன் தேர் வடிவம். சத்திரத்தின் கல் அடித்தளத்தில் குதிரைகளையும் யானைகளையும் செதுக்கி, அவை முழு மாளிகையையும் இழுத்துக்கொண்டு புறப்படுவது போன்ற தோற்றத்தைச் சிற்பிகள் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கற்பனைக்குச் சோழநாட்டில் பழைய முன்மாதிரி உண்டு. இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் தாராசுரத்தில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் இராஜகம்பீரன் திருமண்டபம், சக்கரங்களும் பாயும் குதிரைகளும் பூட்டிய தேராகவே அமைந்துள்ளது. சிதம்பரத்து நிருத்த சபையும் அதே வகையைச் சேர்ந்தது. ஆனால் அவை இரண்டும் இறைவன் எழுந்தருளும் தேர்கள். ஒரத்தநாட்டில் அதே வடிவத்தை எடுத்து, அழுக்குத் துணியோடும் வீங்கிய காலோடும் வந்து சேர்கிற வழிப்போக்கனை அதன் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட ஒரு கலை வடிவத்தைச் சத்திரத்துக்குக் கொடுத்த அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தக் கட்டடத்தின் புதுமை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கல் வேலை அடித்தளத்தோடு நிற்க, மேலே செங்கலும் சுண்ணாம்பும் மரமும் பொறுப்பேற்கின்றன. முற்றங்களைச் சுற்றித் தாழ்வாரங்கள், தாழ்வாரங்களை ஒட்டி அறைகள், மாடிக்குச் செல்லும் படிகள் என்று உள்ளே போகப்போக அமைப்பு விரிகிறது. வெயில் நாளில் வெளியிலிருந்து தாழ்வாரத்துக்குள் காலடி வைத்ததும் சூடு குறைவதை உடம்பு உடனே உணரும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழும்போது, அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள அறைகளின் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். தடித்த சுவர்கள் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. முகப்பில் உள்ள மரத்தூண்களை அருகில் சென்று பார்த்தால், தச்சர்கள் உளியால் ஒவ்வொரு இதழாக எடுத்த பூ வேலை தெரியும். தூணின் தலையில் போதிகை என்னும் தாங்குகட்டை, அதன்மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் சட்டங்கள் என்று, எடையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிக் கீழே இறக்கும் முறையில் எதுவும் மறைக்கப்படவில்லை. அலங்காரமும் தாங்கு உறுப்பும் அங்கே ஒன்றே.

பழைய கட்டடங்களில் வேலை பார்த்துத் தேர்ந்த கொத்தனார் ஒருவரிடம் இந்தக் காலத்துச் சுண்ணாம்பு வேலையைப் பற்றி விரிவாகக் கேட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பையோ கல் சுண்ணாம்பையோ நீற்றி, நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்துக் காரையாக்குவார்கள். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு தனியாக ஊறவைத்து, அது புளித்த பிறகு வடிகட்டிய நீரை அந்தக் காரையில் விடுவார்கள். இப்படிச் செய்த காரை மெதுவாகத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கல்லின் தன்மையை அடையும். மேல்தளத்துக்கு, மரச்சட்டங்களின் மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டிகளால் தட்டித்தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற முறை அது. பழைய சுவரில் சிமெண்டைப் பூசினால் என்ன கெடுதல் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "தம்பி, சுண்ணாம்புச் சுவரு மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். சிமெண்டு பூசுனா மூக்கப் பொத்துன மாதிரி. உள்ள ஏறுன ஈரம் வெளிய வர வழியில்லாம செங்கல்ல தின்னுரும்." மராட்டியர் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்டே சுவர்களைப் பொரிய வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே அவர் சொன்னதைப் பராமரிப்புப் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தச் சத்திரங்கள் எந்த நோக்கத்துக்காக இருந்தன என்பதை அறிய நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சான்று, சரபோஜி மன்னரே 1801 ஜனவரி 28-ஆம் நாள் தஞ்சை அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த ஆங்கிலேயர் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். அந்தக் கடிதத்துக்கான காரணம் அரசியல் சார்ந்தது. 1798-இல் அரியணை ஏறிய சரபோஜி, அடுத்த ஆண்டே, 1799 அக்டோபரில், நாட்டின் நிருவாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட நேர்ந்தது. கோட்டையும் அரண்மனையும், வருவாயில் ஒரு பங்கும் மட்டுமே அவரிடம் எஞ்சின. கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குள் சத்திரக் கிராமங்களும் போய்விட்டால் அறம் நின்றுவிடும் என்று அஞ்சி, அவற்றைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு கேட்டு அவர் எழுதினார். தம் முன்னோர்களின் தருமங்களால் இந்த நாடு பெற்றிருக்கும் நற்பெயரே தம் நிலைக்குரிய மிக உயர்ந்த சிறப்பு என்று கருதுவதாக அதில் சொல்கிறார். ஆட்சியை இழந்த 23 வயது இளைஞன் ஒருவன், தனக்கு இன்னும் எது மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதிய வரி அது.

பிறகு அவர் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறார். அந்தப் பகுதி ஒரு விடுதியின் ஒழுங்கு நூலைப் போலவே இருக்கிறது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வகை வழிப்போக்கர்களுக்கும், யோகிகள், ஜங்கமர்கள், வைராகிகள் போன்ற துறவிகளுக்கும் சமைத்த சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் படியாக அளந்து கொடுக்க வேண்டும். உணவு வழங்குவது நள்ளிரவு வரை தொடரும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று உரக்க அறிவிக்க வேண்டும். சத்திரத்துச் சோறு இலையில் விழுவதற்குள் விடிந்துவிடும் என்று எள்ளிப் பாடிய பழைய வெண்பாவைப் பள்ளியில் படித்து வளர்ந்த நமக்கு, அந்த நள்ளிரவு மணியின் அருமை நன்றாகவே புரியும். இருட்டில் வழி தவறி நேரம் கழித்து வந்த ஒருவன், கேட்கக் கூசி ஒரு மூலையில் ஒதுங்கிப் படுத்துவிடுவான் என்பதை அறிந்த ஒருவர்தான் அப்படியொரு விதியை எழுதியிருக்க முடியும்.

நடக்க இயலாமல் தங்கிவிட்டவர்களுக்கு அவர்கள் இருக்கும் நாள் வரை உணவு உண்டு. நோயுற்று வருகிறவர்களுக்கு மருந்தும் அதற்கேற்ற பத்தியமும் கொடுத்து, குணமாகும் வரை மரியாதையோடும் கனிவோடும் கவனிக்க வேண்டும். நோய்களையும் வீக்கங்களையும் விஷக்கடிகளையும் தீர்க்க வல்ல வைத்தியர்கள் ஒவ்வொரு சத்திரத்திலும் இருந்தார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப்பட்டது. சத்திரத்தில் குழந்தை பெறும் பெண்களுக்கு மகப்பேற்றுச் செலவும் மருந்தும் கொடுக்கப்பட்டன. பேறுகாலத்துக்குப் பின் மூன்று மாதம் வரை அவர்கள் அங்கேயே தங்கலாம். வழியிலேயே இறந்தவர்களுக்கு அவரவர் வழக்கப்படி ஈமச்சடங்கு செய்யப்பட்டது. அப்படி அநாதையாக விடப்பட்ட குழந்தைகளைப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் ஒப்படைத்து, நாளுக்கு மூன்று வேளை உணவளித்து, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அவர்கள் விரும்பிய கல்வியைக் கற்பித்து, வளர்ந்த பின் அவர்களின் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்றது. நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் என்பது வரை அரசர் கணக்கு வைத்து எழுதியிருக்கிறார். தாயில்லாப் பிள்ளையின் தலையில் யாராவது எண்ணெய் வைக்க வேண்டும் என்பதை ஓர் அரசாங்கக் கடிதத்தில் நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்தக் கடிதத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடவும் கூடாது. எல்லோருக்கும் சோறு என்று அது சொல்கிறது. எல்லோரும் ஒரே பந்தியில் என்று சொல்லவில்லை. சாதிப் பிரிவினைகள் ஆழமாக வேரூன்றிய காலத்து ஏற்பாடு அது. அதே கடிதத்தில் வரும், நான்கு வேதங்களுக்கும் நான்கு ஆசிரியர்கள் என்ற ஒதுக்கீடு யாருக்குப் பயன்பட்டது என்பதும் வெளிப்படை. ஆனால் பசித்தவனுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பதில் அந்தச் சத்திரங்கள் சாதியைப் பார்த்து எல்லை போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முக்தாம்பாள் சத்திரத்தோடு இணைந்த பள்ளி தனியே பேசத் தக்கது. கிறித்தவப் பாதிரியார் சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்து, சென்னையில் ஆங்கிலக் கல்வியும் பெற்ற சரபோஜி, நவவித்யா என்ற பெயரில் புதிய முறைக் கல்வியை இந்தச் சத்திரத்துப் பள்ளியில் நடத்தினார். சமஸ்கிருத வேதபாடத்துடன் தமிழும் தெலுங்கும் மராத்தியும் கற்பிக்கப்பட்டன. பொதுப் பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி என்ற எண்ணம் கம்பெனி ஆட்சியிலேயே வேர்விடாத காலத்தில், வறண்ட மேட்டுநிலத்து ஊர் ஒன்றில் அது நடந்தது. தஞ்சையில் தன்வந்திரி மகாலை ஏற்படுத்தி மருத்துவ முறைகளைச் சோதித்துத் தொகுத்ததும், 1805 வாக்கில் தேவநாகரி அச்சகம் நிறுவியதும் இதே மன்னர். அரண்மனையில் அவர் சேர்த்துவைத்த அறிவு, சாலையோரம் வந்து சேரும் சாதாரண மனிதர்களைச் சென்றடைந்த இடம் சத்திரம்.

1832-இல் சரபோஜி இறந்தார். அவருடைய மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855-இல் இறந்தவுடன் தஞ்சை அரசே முடிவுக்கு வந்து, சத்திரங்களும் அவற்றின் கிராமங்களும் ஆங்கிலேய அரசின் கைக்கும், பின்னர் உள்ளாட்சி வாரியங்களின் கைக்கும் மாறின. சோறு போடுவதற்கான செலவு படிப்படியாகக் குறைந்து, அந்த வருவாய் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் திருப்பப்பட்டது. திருவையாற்றில் 1881-இல் தொடங்கி இன்று அரசர் கல்லூரி என்று விளங்கும் கல்லூரியும் சத்திர நிதியின் ஆதரவில் வளர்ந்ததே. இன்றைக்கும் தஞ்சை மாவட்ட நிருவாகத்தில் சத்திரங்களுக்கென்று தனி வட்டாட்சியர் பதவி ஒன்று இருக்கிறது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள்.

சத்திரத்தின் பழைய வாழ்வை முடித்துவைத்தது ரயில். மதுரை, மானாமதுரை வழியாகத் தண்டவாளம் மண்டபம் வரை சென்று, 1914-இல் பாம்பன் பாலமும் திறக்கப்பட்ட பிறகு, இராமேசுவரம் போகிறவர்கள் ஒரத்தநாட்டு வழியாக நடக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. வழிப்போக்கர்கள் அற்றுப்போன சத்திரம், மாணவர்களுக்கான இடமாக மாறியது. எங்கள் பெரியப்பா அங்கே விடுதி மாணவராகத் தங்கிப் படித்தவர். மாடியில் மரத்தூணில் சாய்ந்துகொண்டு பரீட்சைக்குப் படித்ததையும், சித்திரை வெயிலில்கூட அந்தத் தாழ்வாரத்தின் தரை குளிர்ந்திருந்ததையும் அவர் இன்றும் விவரித்துச் சொல்வார். முத்தம்மாள் யார் என்று அப்போது அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையாம். சாமிப் பெயர் என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அந்த விடுதியில் இரண்டு வேளைச் சோறும் படுக்க இடமும் கிடைத்ததால்தான் தம்மோடு படித்த கிராமத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியிறுதி வரை வந்தார்கள் என்று அவர் சொல்லும்போது, அந்தச் சத்திரம் தன் வேலையை வேறு விதமாகத் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்தது என்று உணர்ந்தேன்.

பின்னர் விடுதியும் வெளியேறியது. ஆள் புழக்கம் நின்ற கட்டடம் எவ்வளவு விரைவாகச் சிதையும் என்பதற்கு இந்தச் சத்திரம் ஒரு சான்றாயிற்று. கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்க ஆள் இல்லை; சுவரின் விரிசலில் பறவை எச்சத்தோடு விழுந்த அரச விதை முளைத்தால் பிடுங்க ஆள் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் மெல்லிய பழைய செங்கற்கள் வெளியே தெரிந்தன. உத்தரங்கள் நனைந்து உளுத்தன. ஆர்வலர்களும் உள்ளூர் மக்களும் செய்தியாளர்களும் தொடர்ந்து குரல் எழுப்பிய பின்னரே அரசு சீரமைப்பில் கவனம் செலுத்தியது. மரபுக் கட்டடத்தைச் சீரமைப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினமான வேலை. கடுக்காய் ஊறும் வரை காத்திருக்க வேண்டும், ஒரு பூச்சு காயும் வரை அடுத்த பூச்சைத் தள்ளிவைக்க வேண்டும், ஒப்பந்தத்தின் கெடுத்தேதிக்கு அந்தக் காரை கட்டுப்படாது.

சீரமைத்த பிறகு இந்தச் சத்திரத்தை என்ன செய்வது என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து இருக்கிறது. பூட்டிய கதவுக்கு வெளியே ஓர் அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டுப் போவதற்காக இவ்வளவு உழைப்பு தேவையில்லை. கீழ்த்தளத்தின் ஒரு பகுதியிலாவது ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளோடு துணைக்கு வருகிறவர்கள் இரவு தங்கும் இடமாக அது இருந்தால், முத்தம்மாளின் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான பயன் வேறில்லை. 1801-ஆம் ஆண்டுக் கடிதத்தை நல்ல தமிழில் பெயர்த்து, நுழைவாயில் தாழ்வாரத்தில் யாரும் நின்று படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் வரலாற்றுப் பாடத்தில் அந்தக் கடிதம் இடம்பெற வேண்டும்.

அங்கே போக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் பேருந்தில் ஏறி ஒரத்தநாட்டில் இறங்கி, சத்திரம் எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அந்தப் பழைய யாத்திரைப் பாதையிலேயே தெற்கே செல்லுங்கள். பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடற்கரையில், நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதன் நினைவாக இதே சரபோஜி 1814-15-இல் கட்டிய மனோரா கோட்டை இருக்கிறது. எட்டு அடுக்குக் கோபுரம் அது. அதைப் பார்த்தபின் சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று கரையோரமாகவே போகலாம். வழியில் உள்ள சத்திரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் படம் எடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் தங்கிப் படித்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், மடைப்பள்ளி எந்தப் பக்கம் இருந்தது, கிணறு எங்கே, எந்த அறையில் யார் தங்கினார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள். சீரமைக்கிறவர்களுக்கு அந்தக் குறிப்புகள் மிகவும் தேவைப்படும்.